"5+" என்று போட்ட பெட்டிக்குள் சிமெண்ட் பொடி

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

பொருள்: சிறுவர் மொசைக் கிட்டில் இருந்த குறைகள், அதற்கு நீங்கள் அனுப்பிய பதில் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

முழு ஆண்டு விடுமுறையில் பிள்ளைகள் கொஞ்ச நேரமாவது செல்போனைக் கீழே வைக்கட்டும் என்று, உங்கள் தளத்தில் மயில் படம் போட்ட மொசைக் கிட் (சிறு துண்டுகளைப் பலகையில் ஒட்டிப் படம் செய்யும் பெட்டி) ஒன்றை ஏப்ரல் 24 அன்று 849 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் பெரிதாக "5+" என்று இருந்தது. என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்தரை. சரி, இரண்டு பேரும் சேர்ந்தே செய்யலாம் என்று நினைத்தேன்.

பிரித்ததும் இருவரும் துண்டுகளை எவர்சில்வர் தட்டில் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார்கள். 250 துண்டு என்கிறது பெட்டி. பதினேழு வரிசை முடிந்து ஒன்று மிஞ்சியது. 171. நானும் எண்ணிப் பார்த்தேன், அதேதான். பலகை 20 செ.மீ. விட்டமுள்ள வட்டம். ஒரு செ.மீ. துண்டுகளை 2 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டினால் ஏறக்குறைய 220 வேண்டும். மயிலுக்குக் கழுத்து வந்தது, பாதித் தோகை வரவில்லை. இது மட்டும்தான் குறை என்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். முட்டை ஓட்டை நொறுக்கிச் சாயத்தில் தோய்த்து, மிச்சத் தோகையை அவர்களே ஒட்டி முடித்துவிட்டார்கள். உண்மையில் அந்தப் பாதிதான் பார்க்க நன்றாக இருக்கிறது.

துண்டுகளில் பாதி கண்ணாடி. சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் ஓரத்தைத் தேய்த்து மழுக்கியிருக்க வேண்டும். இவை வெட்டியது வெட்டியபடியே வந்திருந்தன. கோணலாக ஒட்டிய நீலத் துண்டை நகத்தால் நெம்பப் போய் மகனின் கட்டைவிரல் கிழிந்தது. சின்னக் காயம்தான். "மயில் கடிச்சிருச்சும்மா" என்று அவனே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெரிய புகார் இடுக்குகளை அடைக்கக் கொடுத்த கிரவுட் பொடியைப் பற்றியது. உங்கள் பெட்டியின் மேல் ஒரு சிறுமி வெறும் கையால் அதைப் பூசுவது போல் படம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் என் மகளும் குழைத்தாள், பூசினாள். அரை மணி நேரம் கழித்துத்தான் விரலிடுக்கு எரிகிறது என்று வந்தாள். தோல் சிவந்து, சொரசொரவென்று ஆகியிருந்தது. "சுண்ணாம்புல கை விட்ட மாதிரி இருக்கே" என்றார் என் மாமியார். அவர் சொன்னது சரி. சிமெண்ட் கலந்த பொடி தண்ணீர் பட்டதும் சுண்ணாம்பு போலத் தோலை அரிக்கும் கடுமையான காரமாகிவிடும். தொட்டவுடன் எரியாது, அதனால் பிள்ளை கையை எடுக்கவும் மாட்டாள். நாளெல்லாம் சிமெண்டில் புழங்கும் கொத்தனார்களின் கை வெடித்திருப்பதை நாம் பார்க்காததா?

அப்புறம்தான் பெட்டிக்குள் இருந்த மடித்த செய்முறைத் தாளின் பின்பக்கத்தைப் படித்தேன். எறும்பு அளவு ஆங்கில எழுத்தில் "கையுறையும் முகக்கவசமும் அணியவும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்" என்ற பொருளில் ஒரு வரி. பெட்டிக்குள் கையுறையும் இல்லை, முகக்கவசமும் இல்லை. குழந்தைக்கு எட்டாமல் வைக்க வேண்டியதைத்தான் குழந்தைக்கென்று விற்றிருக்கிறீர்கள்.

பசையையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டி அரை மணி நேரத்தில் கிரவுட் பூசலாம் என்கிறது தாள். அந்த வெள்ளைப் பசை ஒரு நாளாவது காய வேண்டும். ஈர ஸ்பாஞ்சால் துடைத்தபோது ஆறேழு துண்டுகள் ஸ்பாஞ்சோடு வந்துவிட்டன.

மே 3 அன்று படங்களுடன் மின்னஞ்சல் அனுப்பினேன். இணைய வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகவாவது நீங்கள் தெரிவிக்க வேண்டும். பதில் வந்தது ஒன்பதாம் நாள். பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேண்டுமாம். கல்யாணமா நடக்கிறது, வீடியோ எடுத்துக்கொண்டே பெட்டியைப் பிரிக்க?

ஐ.எஸ்.ஐ. முத்திரை ஏன் இல்லை என்று கேட்டதற்கு, இது விளையாட்டுப் பொருள் அல்ல, கைவினைப் பொருள் என்று எழுதியிருக்கிறீர்கள். 14 வயதுக்குட்பட்டோர் விளையாடுவதற்கான பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை கட்டாயம். உங்கள் தளத்தில் இந்தக் கிட் "பொம்மைகள், விளையாட்டுகள்" பிரிவில்தான் இன்றும் இருக்கிறது. விற்கும்போது பொம்மை, புகார் வந்தால் கைவினையா?

மாற்றுப் பெட்டி அனுப்புவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். 849 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். பெட்டியில் இருக்கும் "5+" குறியையும் வெறும் கைப் படத்தையும் எடுங்கள், எச்சரிக்கையை முன்பக்கம், தமிழிலும் படிக்கிற அளவில் போடுங்கள். அதுவரை இதைச் சிறுவர் பிரிவில் விற்காதீர்கள். இதே கிட்டை வாங்கிய மற்ற பெற்றோருக்குக் கிரவுட் பற்றி ஒரு குறுஞ்செய்தியாவது இந்த வாரமே போக வேண்டும். பணத்தைவிட எனக்கு இதுதான் அவசரம்.

15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையவில்லை என்றால், நான் குடியிருக்கும் திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

பில், பெட்டியின் படங்கள், மகளின் கையை அன்று எடுத்த படம், என் பெயர், முகவரி, ஆர்டர் எண் எல்லாம் இணைப்பில் உள்ளன. மிச்சமிருக்கும் கிரவுட் பொடியைப் பரண் மேல் வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு வாடிக்கையாளர்