மே மாதத்தில் ஜெர்கின் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைச் சுற்றுலா போகிறவர்கள் என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். தொப்பி, கூலிங் கிளாஸ், பருத்திச் சட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சரி. கடைசியில் கட்டம் கட்டி, கடற்கரை ஊர்களுக்கும் வெயில் ஊர்களுக்கும் போகிறவர்கள் ஸ்வெட்டர், ஜெர்கினை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம், பெட்டியில் இடம் மிச்சமாகும் என்று எழுதியிருந்தது. ஸ்வெட்டரை வைத்துவிட்டுப் போகட்டும், நான் மறுக்கவில்லை. ஜெர்கினை ஏன் அதோடு சேர்த்தீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அம்பாசமுத்திரத்தில் தையல்கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல் பாதியிலேயே பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் ஏறிவிடும். அதற்கு நடுவில்தான் லீவுக்கு ஊர் சுற்றப் போகிறவர்கள் ஜிப் போனது, எலாஸ்டிக் தளர்ந்தது என்று எதையாவது கொண்டுவந்து போடுவார்கள். கோவா போகிற ஒரு தம்பி, ஜிப் மாற்றுவதற்கு மெல்லிய ஜெர்கின் ஒன்றைக் கொடுத்திருந்தார். உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, ‘அண்ணாச்சி, இது வேண்டாம்னு பேப்பர்லயே போட்டிருக்கு. அவசரமில்ல, திரும்பி வந்து வாங்கிக்கிடுதேன்’ என்றார்.

‘எதுல போறீய தம்பி?’

‘பெங்களூரு வரைக்கும் ஏசி பஸ். அங்கேருந்து இன்னொரு ஏசி பஸ்.’

‘அப்பம் நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போங்க’ என்று சொல்லி, சீருடையை ஒதுக்கி வைத்துவிட்டு அதை முடித்துக் கொடுத்தேன்.

கோவாவில் எவ்வளவு வெயில் என்று அந்தத் தம்பி செல்போனில் பார்த்து வைத்திருந்தார். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸுக்குள் என்ன குளிர் என்று எந்தப் போனும் சொல்லாது. சென்னையில் இருக்கிற மகள் வீட்டுக்கு நானும் அப்படி ஒரு தனியார் பஸ்ஸில் போயிருக்கிறேன். தலைக்கு மேலே காற்று வருகிற வட்ட மூடி இருக்கிறதல்லவா, அதில் இதழ் உடைந்து போயிருந்தது. திருப்பினால் சுற்றுகிறது, அடைபடவில்லை. எனக்கு முன்னால் அந்த சீட்டில் வந்த யாரோ ஒரு புண்ணியவான் பேப்பரைச் சுருட்டி அதில் செருகியிருந்தார். கோவில்பட்டி தாண்டியதும் அது கழன்று என் மடியில் விழுந்தது. நான் என் கைக்குட்டையைச் செருகினேன். அது சாத்தூர் வரைக்கும் தாங்கியது. கிளீனரிடம் போய், ‘ஏசியக் கொஞ்சம் கொறைச்சு வைங்க’ என்று சொன்னால், ‘கொறைச்சா முன்னாடி சீட்டுல சத்தம் போடுவாங்க அண்ணாச்சி’ என்கிறார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. முன்னால் இருந்தவர் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். ஒரே பஸ்ஸுக்குள் ரெண்டு சீதோஷ்ணம்.

வேர்த்த உடம்போடு ஏறினால் இன்னும் மோசம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வெயிலில் நின்று, சட்டை முதுகோடு ஒட்ட ஏறி உட்காருகிறோம். உள்ளே ஏசிக் காற்று வறண்ட காற்று. வேர்வையை அது சட்டென்று உறிஞ்சும்போது உடம்புச் சூட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. முதல் அரை மணி நேரம் சொர்க்கமாக இருக்கும். அப்புறம்தான் தெரியும்.

ரயிலுக்கும் இதையேதான் சொல்வேன். ஏசி படுக்கைப் பெட்டியில் தலையணை, விரிப்பு, கம்பளி கொடுத்துவிடுகிறார்கள். (அந்தக் கம்பளியை மாதத்துக்கு ஒரு தடவையாவது துவைக்கிறோம் என்று ரயில்வே அமைச்சர் 2024 நவம்பரில் நாடாளுமன்றத்தில் பதில் கொடுத்தார். அதைப் படித்ததிலிருந்து என் வீட்டுக்காரி சொந்தப் போர்வை இல்லாமல் ரயில் ஏறுவதில்லை.) ஆனால் 2023 செப்டம்பரிலிருந்து திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் ஓடுகிற வந்தே பாரத் முழுக்க உட்கார்ந்து போகிற வண்டி. படுக்கை இல்லாததால் போர்வையும் கிடையாது. விடியற்காலையில் ஜங்ஷனில் ஏறினால் ஏறக்குறைய எட்டு மணி நேரம் அந்தக் காற்றில்தான் இருக்க வேண்டும். மேலே பெட்டியில் ஜெர்கின் இருந்து பிரயோஜனமில்லை, கையில் இருக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் மடித்து வைத்துவிட்டு நடுங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

துபாய்க்கு மகனைப் பார்க்கப் போய்வந்த ஒரு பாய் என் வாடிக்கை. ஜூன் மாதம் போனார். அங்கே அப்போது பகலில் நாற்பது டிகிரிக்கு மேல் காயும். திரும்பி வந்து அவர் சொன்னது: ‘வெளிய அடுப்பு, உள்ள ஐஸ் பெட்டி அண்ணாச்சி. நாங்க இருந்ததெல்லாம் உள்ளதான்.’ கார், கடை, மால், மகன் வீடு, எல்லாம் ஏசி. வெளியே நின்றது காருக்கும் வாசலுக்கும் நடுவே மட்டும். கூடப் போன அவர் வீட்டம்மா புர்காவுக்கு மேலே மகனுடைய ஜெர்கினைப் போட்டுக்கொண்டுதான் மால் முழுக்கச் சுற்றினார்களாம். வெயில் கூடக் கூட உள்ளே ஏசியும் கூடுகிறது. அதனால் கடும் வெயில் ஊருக்குப் போகிறவருக்குத்தான் இது அதிகம் தேவைப்படும் என்பது என் கட்சி.

இனி நம்ம ஊர்ப்பக்கம் வருகிறவர்களுக்கு. ஜூனில் திருநெல்வேலி டவுனில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது, ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி குற்றாலத்தில் சீசன். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலைத் தள்ளிக்கொண்டு வரும். மதுரைக்கு வடக்கே இருந்து வருகிறவர்கள் ரெண்டு செட் பருத்தி உடையோடு வந்து இறங்குகிறார்கள். அருவியில் குளித்து, ஈரத் தலையோடு, ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு, திறந்த ஆட்டோவில் ஏறினால் அந்தக் காற்று என்ன செய்யும்? பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் துணி. சாரல் நேரத்தில் லாட்ஜ் பால்கனியில் காயப் போட்ட சட்டை மறுநாளும் சில்லென்றுதான் இருக்கும். பருத்தி நல்ல துணிதான், என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது, ஆனாலும் சாரலில் அது கைகொடுக்காது.

மலை ஏறினாலும் அப்படித்தான். எங்கள் ஊரிலிருந்து போய் மணிமுத்தாறு அணையில் நிற்கும்போது வேர்த்து வடியும். வனத்துறை அனுமதி வாங்கி மாஞ்சோலைக்கு ஏறிவிட்டால், ஆயிரம் மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதற்கும் மேலே நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட் பக்கம் மேகம் இறங்கிவிட்டால் அந்தக் கணக்கும் நிற்காது. காலையில் வேர்வையைத் துடைத்தவர் சாயங்காலம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

எந்த மாதிரி ஜெர்கின் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தொழில் அது. பாராசூட் துணி என்று கடையில் சொல்கிற மெல்லிய நைலான் துணிதான் இதற்குச் சரி. உள்ளே பஞ்சு மாதிரி லைனிங் வைத்துத் தைத்தது கொடைக்கானலுக்கு ஆகும், கோவாவுக்கு ஆகாது. கம்பளி உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும். பாராசூட் துணி, இருக்கிற சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போகாமல் தடுக்கும். ஏசி பஸ்ஸிலும் சாரலிலும் நமக்கு வேண்டியது இந்த ரெண்டாவது வேலைதான். வாங்கும்போது ஒற்றைத் துணியாக உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு அந்தப் பக்கம் தாராளமாகப் போனால் வைத்துவிட்டு வந்துவிடலாம். தண்ணீர் போகாது என்று கடைக்காரர் சொல்வதைப் பாதி நம்புங்கள். துணியில் தண்ணீர் இறங்காது, ஊசி போன துளையில் இறங்கும். தோள் மூட்டுத் தையலைத் திருப்பிப் பார்த்தால், நல்ல சரக்கில் தையல் மேல் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். பட்டை இல்லாவிட்டால் அது சாரலுக்கு மட்டும், மழைக்கு இல்லை. சுருட்டினால் செருப்பு ஒன்றின் இடம்தான் அடைக்கும், எடை கால் கிலோவைச் சுற்றித்தான். விமானத்தில் போகிறவர்கள் போட்டுக்கொண்டே ஏறிவிட்டால் பெட்டிக் கணக்கில் அதுவும் வராது. ஜிப் ரன்னர் இறுகினால் மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலே போதும், அதற்காக என்னிடம் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. அயர்ன் மட்டும் பண்ணிவிடாதீர்கள். பொசுங்கிவிடும், அதற்கு மருந்து கிடையாது.

எல்லாருக்கும் எல்லா ஊருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜன்னல் திறந்த டவுன் பஸ்ஸில் திருச்செந்தூர் போய்க் கடலாடி, சாமி கும்பிட்டு, ராத்திரிக்குள் வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு துண்டு போதும். கன்னியாகுமரியில் கண்ணாடிப் பாலத்தில் நிற்கும்போது காற்று ஆளைத் தள்ளும்தான், மே மாதத்தில் அது சுகமான காற்று. மின்விசிறி லாட்ஜில் தங்கி ராமேஸ்வரம் போகிறவர்கள் ஜெர்கின் எடுப்பது வீண் சுமை.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பெண்கள் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலர் கிழிந்ததைத் திருப்பி வைத்துத் தைக்க என்னிடம் கொண்டுவருவார்கள். கை முழுக்க மூடுவதால் தோல் கருகாது, வேர்வையும் இழுக்கும். அந்தச் சட்டையே ஏசி ரயிலுக்கும் போதும். கொஞ்சம் கெட்டியான டெரிகாட்டனாக இருந்தால் இன்னும் நல்லது. குற்றாலத்துக்கும் மாஞ்சோலைக்கும் மட்டும் பாராசூட் துணி பக்கம் போங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிப் பக்கம் போடும்போது ஊருக்கு ஊர் பகல் வெயில் எத்தனை டிகிரி என்று போடுகிறீர்கள். பக்கத்திலேயே விடியற்கால அளவையும், அந்த ஊருக்குப் பெரும்பாலும் எந்த வண்டியில் போகிறார்கள் என்பதையும் போட்டால், படிக்கிறவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இன்னொன்று பஸ் நடத்துகிறவர்களுக்கு. ஸ்டார் முத்திரை உள்ள வீட்டு ஏசி எல்லாம் 2020 ஜனவரியிலிருந்து, போட்டவுடன் 24 டிகிரியில் நிற்கிற மாதிரிதான் வர வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் துறையே சொல்கிறது. அந்த விதி பஸ்ஸுக்குக் கிடையாது. ஆனால் பஸ்ஸில் ஏசி ஓடுவதும் டீசலில்தானே, குறைத்து வைத்தால் அவர்களுக்கும் லாபம்தான். அது முடியாது, முன்சீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்றால், சீட்டுக்கு மேலே இருக்கிற அந்த வட்ட மூடியையாவது உடைந்த இடத்தில் மாற்றிப் போடட்டும். வேண்டாதவர் அடைத்துக்கொள்வார், வேண்டியவர் திறந்துகொள்வார். பஸ் முதலாளிகளும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறவர்கள்தான், நீங்கள் எழுதினால் கேட்பார்கள்.

இப்படிக்கு,
தையல்காரர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.