சுற்றுச்சூழல் படிப்பில் துறைகள் ஒரே மேசைக்கு வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுநிலைப் பட்டப்படிப்பு படித்து வரும் மாணவி. இப்பாடத்தை எங்களுக்குக் கற்பிக்கும் முறை குறித்து, என் அனுபவத்தில் உணர்ந்த ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கல்வியாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு குளத்து நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளந்தோம். நீர் நிரம்பிய குப்பியில் மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்த்தால், ஆக்சிஜன் இருக்கும் நீரில் பழுப்பு நிற வீழ்படிவு (அடியில் படியும் திடப்பொருள்) தோன்றும். அடியாழத்திலிருந்து எடுத்த எங்கள் குப்பியில் அது வெள்ளையாகவே படிந்தது. அதாவது, மீன் உயிர்வாழத் தேவையான ஆக்சிஜன் அங்கே இல்லை. வயல்களிலிருந்து வழிந்து வந்த உரச்சத்தால் பாசி பெருகியது, அது மடிந்து மக்கும்போது நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன என்று பதிவேட்டில் எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றேன். பொருளியல் படிக்கும் என் தோழி அதைப் படித்துவிட்டு, "பயிருக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக ஏன் உரம் போடுகிறார்கள்?" என்று கேட்டாள். உரத்தின் விலை, மானியம், விளைச்சல் குறைந்தால் கடனை அடைக்க முடியாதே என்ற அச்சம் என அவளே காரணங்களை அடுக்கினாள். என் பாடப்புத்தகத்தில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. அவள் புத்தகத்திலோ மானியத்தைப் பற்றி முழு அத்தியாயமே இருக்கிறது, குளம் இல்லை.

இந்தப் பிளவு தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை. வங்கதேசத்தில், கிருமிகள் நிறைந்த குளத்து நீரிலிருந்து மக்களைக் காக்கவே 1970-களில் ஏராளமான அடிகுழாய்கள் அமைக்கப்பட்டன. வயிற்றுப்போக்கைத் தடுக்க நினைத்த மருத்துவ நோக்கில் அது சரியான முடிவுதான். ஆனால், அம்மண்ணின் படிவுகளில் இயற்கையாகவே இருந்த ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருள் நிலத்தடி நீரில் கரைந்திருந்ததை அப்போது யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1993-இல்தான் அது உறுதியானது. பின்னர் லட்சக்கணக்கான குழாய்களைச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். வேதியியலின் வேலை அத்துடன் முடிந்தது என்று கொள்ளலாம். ஆனால் பச்சைக் குழாய் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அது யார் வீட்டு முற்றத்தில் இருக்கிறது, குடத்தைச் சுமந்து அங்கே போய்வர வேண்டிய பெண்ணுக்கு அவ்வளவு நேரம் உண்டா என்பவைதான் அதன்பின் அக்குடும்பம் எந்த நீரைக் குடிக்கும் என்பதைத் தீர்மானித்தன. ஆர்சனிக் நஞ்சால் தோலில் புள்ளிகள் தோன்றிய பெண்களுக்குத் திருமணம் தடைப்பட்ட துயரத்தையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நிலவியலும் மருத்துவமும் சமூகவியலும் தொடக்கத்திலேயே கூடிப் பேசியிருந்தால் அத்தனை குடும்பங்களும் தப்பியிருக்கும் என்று நான் துணிந்து சொல்லமாட்டேன். இழப்பு நிச்சயமாகக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுச் செல்லும் பொதுப்பாடம் ஒன்றை நான் கேட்கவில்லை. வீழ்படிவின் நிறத்தைப் படிக்கத் தெரியாதவரால் அந்தக் குளத்தைப் பற்றிப் பேச முடியாது. அவரவர் துறையில் ஆழம் வேண்டும். ஓசோன் படலத்தை, குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் என்னும் வேதிப்பொருள்கள் சிதைக்கும் என்று 1974-இல் எச்சரித்தவர்கள் வேதியியலாளர்கள்தாம். அந்த அறிவு சட்ட வல்லுநர்கள், தொழில்துறையினர், அரசுத் தூதர்கள் ஆகியோரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் 1987-இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று.

நானும் என் தோழியும் அந்தக் குளத்தைப் பற்றிச் சேர்ந்து ஓர் ஆய்வேடு எழுத அனுமதி கேட்டோம். இரு துறை மாணவர்களின் ஆய்வேட்டை யார் மதிப்பிடுவது என்பதற்கு விதி இல்லையென்று மறுத்துவிட்டார்கள். ஆசிரியர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. விதி இல்லாதபோது அவர்களால் என்ன செய்ய இயலும்? ஆகவே, சுற்றுச்சூழல் சார்ந்த ஆய்வேடுகளுக்கேனும் இரு துறைகளிலிருந்து இரு வழிகாட்டிகளும் கூட்டு மதிப்பீடும் அமையும்படி பல்கலைக்கழகங்கள் தங்கள் விதிகளைத் திருத்த வேண்டும் எனவும், அதை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும் எனவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதுநிலை மாணவி ஒருவர்