கிரிமியா கேடயம் பற்றி ராகவனுக்கு

அன்புள்ள ராகவா,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். வீட்டில் ஒரு பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

சரி, உன் மருமகன் ஜெர்மனியில் பழைய சாமான் சந்தையில் வாங்கி வந்த கேடயச் சின்னம். கழுகின் காலடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கடைக்காரர் வேலை. ஸ்வஸ்திகாவை வெளியே காட்டி விற்க அங்கே சட்டம் விடாது. அது கிரிமியா கேடயம்தான், இரண்டாம் உலகப் போரில் கிரிமியாவில் போரிட்ட ஜெர்மன் படையினர் சட்டைக் கையில் அணிந்த சின்னம். 1942 ஜூலையில் ஏற்படுத்தி, லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுத்தார்கள். அசல் கிடைப்பதில் அதிசயமில்லை. ஹோல்ம் கேடயம் அப்படியில்லை. ரஷ்யாவின் ஹோல்ம் நகரில் 105 நாள் முற்றுகையில் இருந்தவர்களுக்கு மட்டும், சுமார் 5,500 தான். நான் ஒன்றை வாங்கி ஏமாந்த கதை உனக்குத் தெரியும். பின்னால் பட்டறை முத்திரை பளிச்சென்று இருந்ததில் மயங்கிவிட்டேன். இந்தக் கேடயங்களில் பெரும்பாலானவற்றில் முத்திரையே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

முத்திரை இல்லாமல் யார் செய்தது என்று எப்படிச் சொல்வது? பழைய நாணயங்களை ஆராயும் உனக்கு இது புதிதல்ல. அச்சில் ஒரு கீறல் விழுந்தால், அதில் அடித்த எல்லாவற்றிலும் அதே இடத்தில் அந்தக் கீறல் இருக்கும். இறகுகளின் வரிசை, ‘கிரிம்’ என்ற எழுத்துகளின் தடிமன், அதிலுள்ள கிரிமியா வரைபடத்தின் கரையோரம், மடிக்கும் கொக்கிகள் இருக்கும் இடம், இவற்றை ஏற்கெனவே தெரிந்த துண்டுகளோடு ஒப்பிட்டுத்தான் வகை பிரிக்கிறார்கள். பட்டறையின் பெயர் பல நேரம் கடைசிவரை கிடைக்காது. “இன்ன வகை” என்பதோடு நிற்பவரை நான் நம்புவேன்; உடனே பெயர் சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகிப்பேன்.

தகட்டில் அடித்ததென்றால் முன்பக்க மேடு பின்பக்கம் பள்ளமாகத் தெரியும். வார்ப்பென்றால் ஓரம் மழுங்கி, லென்ஸில் ஊசித்துளைகள் தெரியும். காந்தத்தை மட்டும் நம்பாதே. எஃகிலும் செய்தார்கள், துத்தநாகத்திலும் செய்தார்கள். ஸ்டிக்கரை உரித்தால் ஸ்வஸ்திகாவே இல்லையா? அப்படியானால் அது, ஸ்வஸ்திகா நீக்கிய போர்ப் பதக்கங்களை அணியலாம் என்ற ஜெர்மனியின் 1957 சட்டத்துக்குப் பின் அணிந்துகொள்ளச் செய்தது. போலியும் இல்லை, போர்க்காலத்ததும் இல்லை.

பின்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. துணியையும் அதன் பின்னால் ஒட்டிய காகிதத்தையும் மட்டும் கழற்றிவிடாதே. மருமகன் கை துறுதுறுவென்று இருக்கும், எட்டாத இடத்தில் வை.

உன்,
சேகர்