பின்வரிசைக்கு ஒரு படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

விளையாட்டுத் திரைப்படங்களைக் காட்டி, 'தேறாதவர்கள்' எனப் பெயர் வாங்கிய மாணவருக்கு ஊக்கமூட்டும் கொழும்பு ஆசிரியர் ஒருவரைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியை வாசித்தேன். பாட நேரம் வீணாகிறது என்று சில பெற்றோர் குறைபட்டிருந்தார்கள். சரி, கடைசிக் காட்சியில் கோப்பையைத் தூக்குவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டுக் கலைந்தால் வீண்தான். பயிற்சிக் காட்சியில் படத்தை நிறுத்தி, "இவன் நேற்று எங்கே பிழைவிட்டான்?" என்று கேட்டால் அதுவே பாடம். நான் கொட்டாஞ்சேனையில் கணிதம் கற்பித்த காலத்தில், தரம் 10 பின்வரிசை மாணவர்களுக்கு பெண்கள் கிரிக்கெட் பற்றிய 'கனா' படத்தை இப்படித்தான் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். விடைத்தாளை வாங்கியதும் மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொள்ளும் பையன் ஒருவன், அடுத்த வாரம் அதை மேசையில் விரித்து, "சேர், இந்த வரியில்தானே பிழைத்தது?" என்றான். புள்ளி உடனே ஏறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தவணைக்கு ஒருமுறை இரண்டு பாடவேளைகளை அதிபர்கள் இதற்கு ஒதுக்கலாம். சினிமா மட்டும் போதாது. இலங்கை வென்ற 1996 கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதியாட்டத்தையும், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை சுசந்திகா ஜயசிங்க ஓடிய 200 மீற்றர் ஓட்டத்தையும் சேர்த்துக் காட்டட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கொழும்பு 13