ஏரிமேல் எழுந்த புகை

அன்புள்ள முரளி,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. டாக்டர் சொல்லும்வரை செல்போனை நோண்டாதே. இந்தக் கடிதத்தையும் வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேள். இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம், அதை நேரில் சொல்கிறேன்.

டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' (தண்ணீர்மேல் புகை) கஞ்சா பாட்டா என்று கேட்டிருந்தாய். தலைப்பைக் கேட்டு அந்தக் குழுவுக்குள்ளேயே அப்படி ஒரு சந்தேகம் வந்ததாம்! உண்மையில் அது நடந்ததை நடந்தபடி சொல்கிற பாட்டு.

1971 டிசம்பரில் ஆல்பம் பதிவுசெய்ய சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவுக்குப் போனார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இன்னொரு குழுவிடம் வாடகைக்கு எடுத்த, லாரிக்குள் அமைந்த ஒலிப்பதிவு ஸ்டுடியோ, பதிவுக்கு அங்குள்ள கசினோ அரங்கம் என்று ஏற்பாடு. அதற்கு முன் அங்கே அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி, டிசம்பர் 4. கூட்டத்தில் எவனோ ஃப்ளேர் துப்பாக்கியைக் (தீப்பிழம்பு விட்டு சிக்னல் காட்டுவது) கூரையைப் பார்த்துச் சுட்டான். கசினோவே எரிந்துபோனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அங்கே இசை விழா நடத்திவந்த கிளாட் நோப்ஸ் உள்ளே ஓடிப்போய்ப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தார். பாட்டில் வருகிற 'ஃபங்கி கிளாட்' அவர்தான். ஸாப்பாவின் கருவிகள் மொத்தமும் சாம்பல். ஜெனீவா ஏரிமேல் புகை படர்ந்து கிடந்தது. சில நாள் கழித்து பாஸ் வாசிக்கும் ரோஜர் குளோவர் தூங்கி எழும்போதே அந்தத் தலைப்பு அவர் வாயில் இருந்தது.

எனக்குப் பிடித்தது அதற்கடுத்த கூத்து. பவிலியன் என்ற தியேட்டருக்கு மாறி, ராத்திரியில் முழுச் சத்தத்தோடு வாசித்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்ட, அந்தப் பதிவு முடியும்வரை ஆட்கள் உள்ளேயிருந்து கதவை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். அன்று டேப்பில் ஏறிய மெட்டுதான் இது. பிறகு குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டல். நடைபாதையில் கருவிகள், சத்தத்தை அடக்க மெத்தைகள். வாசித்ததைக் கேட்க லாரிக்குப் போவதென்றால் அறை அறையாக, பால்கனி பால்கனியாகச் சுற்ற வேண்டும். அலுத்துப்போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள். ஆல்பத்துக்கு இன்னொரு பாட்டு தேவைப்பட்டபோதுதான் அந்த டேப் ஞாபகம் வந்தது. நெருப்புக் கதையைப் பாடகர் இயன் கில்லனும் குளோவரும் வரிகளாக்கினார்கள்.

கிடார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் பலர் முதலில் வாசிப்பது இந்த மெட்டைத்தான், பெரும்பாலும் பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து. குழுவின் கிடார்காரர் ரிச்சி பிளாக்மோர் இரண்டிரண்டு தந்தியாக விரலால் சுண்டுவார். கூடவே கீபோர்டு வாசிக்கும் ஜான் லார்டின் ஆர்கன், மார்ஷல் என்ற கிடார் ஆம்ப்ளிஃபையர் வழியாக உறுமும். அந்தக் கனம் கிடாரால் மட்டும் வந்ததில்லை.

இவ்வளவுக்கும் அவர்களுக்கே இதன்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. 1972 மார்ச்சில் அந்த ஆல்பம் 'மெஷின் ஹெட்' வந்தபோது சிங்கிளாக (தனிப்பாட்டு ரெக்கார்டாக) விட்டது வேறொரு பாட்டை. இது 1973-இல்தான் அமெரிக்காவில் சிங்கிளாகி, பில்போர்டு என்ற அந்நாட்டுப் பாட்டுத் தரவரிசையில் 4-ஆம் இடம் வரை போனது.

பொங்கலுக்கு ஊருக்கு வருவாயா? டிக்கெட் போடுமுன் ஒரு வரி எழுது.

அன்புடன்,
சேகர்