அம்மாவின் 412 'கடித'ங்களை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மாவின் மின்னஞ்சல்கள் என் கைக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நாலாவது போனிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

2001 முதல் 2007 வரை நான் மஸ்கட்டில் இருந்தேன். அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தென்காசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, தமிழில் தட்டக் கற்றுக்கொண்டு எனக்கு எழுதுவார். இன்லேண்ட் லெட்டர் பழக்கம் விடவில்லை. மேலே ஊர், தேதி. அப்புறம் "நலம், நலமறிய ஆவல்". பொருள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒவ்வொன்றிலும் 'கடிதம்' என்றே போட்டுவிடுவார்.

அந்தக் காலத்து இலவசப் பெட்டிகள் சில மெகாபைட்டில் நிறைந்துவிடும். ஜிமெயில் 1 ஜிபி தருகிறேன் என்று வந்ததே 2004 ஏப்ரலில்தான். அதனால் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருள் மூலம் என் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடுவேன். ஆக அம்மா எழுதியதெல்லாம், நான் ஊருக்குத் தூக்கி வந்த ஒரு பழைய 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருந்தது. ஒரு சிடியில் எழுதி வைத்திருக்கலாம். சோம்பேறித்தனம், வேறென்ன.

முதல் நன்றி என் மனைவிக்கு. கம்ப்யூட்டருக்குள் இருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தபோது நான் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் பிளக்கைப் பிடுங்கினாள்.

முதலில் போன கடையில், "பார்மட் பண்ணிப் புதுசா விண்டோஸ் போட்டா சரியாயிரும்" என்றார்கள். நல்லவேளை, அன்றைக்குக் கூட்டம், நாளைக்கு வரச் சொன்னார்கள். மறுநாள் போனது இன்னொரு கடைக்கு. அங்கிருந்த தம்பி டிஸ்க்கைக் காதோரம் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை கரண்ட் கொடுத்தார். உடனே நிறுத்திவிட்டார். "உள்ளே டிஸ்க்கைப் படிக்கிற ஹெட் தடுமாறுது சார். இனிமே சும்மா ஆன் பண்ணிப் பாக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிரும்." யாரோ வாட்ஸப்பில் சொன்னார்கள் என்று பிரீசரில் வைக்கலாமா என்று கேட்டேன். உள்ளே ஈரம் கோத்துக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டார். யுஎஸ்பியில் மாட்டும் கேபிளையும் கொடுத்தனுப்பினார். காசு வாங்கவில்லை. தம்பி, அந்தக் கேபிள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த வாரம் கொண்டுவந்து தருகிறேன்.

அப்புறம் என் மருமகன், தங்கை மகன். பெங்களூரில் இருந்து பென்டிரைவில் லினக்ஸோடு வந்து இறங்கினான். டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள்தான் அவன் ஆயுதம். பரீட்சையில் தெரிந்த கேள்வியை முதலில் எழுதிவிட்டுத் தெரியாததற்குக் கடைசியில் திரும்பி வருவோமே, அதே மாதிரி அது நல்ல இடங்களை முதலில் நகலெடுத்துவிடும். அடிபட்ட இடங்களுக்கு அப்புறம்தான் வந்து முட்டும். டிஸ்க் மேல் டேபிள் ஃபேன் ஓட, மூன்று ராத்திரி. கூடத்தில் பாயை விரித்து அதன் பக்கத்திலேயே படுத்துக்கிடந்தான். நகல் கிடைத்த பிறகு, விண்டோஸ் ஒளித்து வைத்திருக்கும் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய், நீள நம்பர் பெயர் கொண்ட ஒன்றுக்குள் இருந்து 'இன்பாக்ஸ்.டிபிஎக்ஸ்' என்ற ஒற்றைக் கோப்பைத் தூக்கினான். 412 மின்னஞ்சல்கள். அத்தனையும் 'கடிதம்'!

ஆனால் படிக்க முடியவில்லை. கேள்விக்குறி, சமக்குறி, தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்து. அம்மா எழுதியது, இன்றைக்கு எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடு எழுத்துமுறை பரவாத காலத்தில், திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில். இங்கே பினாங்கு ஐயாவுக்குத்தான் என் நமஸ்காரம். நாங்களாக ஒரு பட்டியல் போட்டு எழுத்துக்கு எழுத்து மாற்றியதில் 'மழை'யெல்லாம் 'மைழ' ஆகியிருந்தது. 'அவனை' என்பது 'அவைன'. ஐயா பார்த்த உடனே சொல்லிவிட்டார்: திஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி கொம்பு முதலில், எழுத்து பிறகு, யூனிகோடில் எழுத்துதான் முதலில். அதோடு, சமக்குறிகள் மின்னஞ்சல் அனுப்பும்போது கட்டிய மூட்டை, அதை அவிழ்த்துவிட்டுத்தான் எழுத்தைத் தொட வேண்டும் என்றார். எழுபது வயதுக்கு மேல் ஆனவர், ராத்திரி பதினொரு மணிக்கு வீடியோ காலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். "குற்றாலத்தில் தண்ணி விழுகிறது, சாரல் வாசல் வரைக்கும் அடிக்கிறது" என்ற வரி ஒழுங்காக வந்ததும் அவரே அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

கடைசியாகச் சித்தி. அடிபட்ட இடத்தில் சிக்கி ஒன்பது மின்னஞ்சல்கள் பாதியில் அறுந்திருந்தன. ஒன்று, "மாமரத்தை வெட்டச் சொன்னது நான் இல்லை, அது வந்து" என்பதோடு நின்றுவிட்டது. அம்மா சித்திக்கும் நகல் அனுப்பியிருக்கிறார். சித்தி அதையெல்லாம் அப்போதே பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் போடச் சொல்லி, ட்ரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். நாங்கள் இத்தனை பாடுபட்டது தெரிந்ததும், "என்கிட்ட கேட்டிருக்கலாம்லா?" என்று ஒரே கேள்வி. அறுந்துபோன ஒன்பதில் ஏழு அந்தக் கட்டில் முழுசாக இருந்தன. மரத்தை வெட்டச் சொன்னது யார் என்பதும் தெரிந்துவிட்டது. அதை இங்கே எழுத மாட்டேன், அவர் இன்னும் நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு வருகிறார்.

எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வருகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம். சித்தி, உங்கள் காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். கட்டியிருந்த ரப்பர் பேண்ட் மட்டும் அறுந்துபோய்விட்டது, திட்டாதீர்கள்.