நட்சத்திர வீரரின் விலையோடு ஒப்பந்த ஆண்டுகளையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்து வீரர்கள் கிளப் மாறும் டிரான்ஸ்ஃபர் காலம் வந்துவிட்டால் விளையாட்டுப் பக்கத்தில் தினமும் ஒரு பெயரும் ஒரு தொகையும் வருகின்றன. இன்ன கிளப் இன்ன வீரரை 100 மில்லியன் யூரோவுக்கு வாங்கப் போகிறதாம் என்று ஒரு வரி. அதைப் படித்ததும் ரசிகர்களாகிய நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். அவ்வளவு பணம் இவர்களிடம் ஏது என்கிறது ஒன்று. சட்டை விற்றே எடுத்துவிடுவார்கள் என்கிறது மற்றொன்று. இரண்டுமே பொருந்தாத எண்ணை வைத்துக்கொண்டு வாதாடுகின்றன. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, வரிப் பிடித்தத்துக்கு முன் சம்பளம் எவ்வளவு, கிளப்பின் கணக்காண்டு எந்தத் தேதியில் முடிகிறது ஆகிய மூன்றும் தெரியாமல் ஒரு வதந்தி நடக்குமா நடக்காதா என்று யாராலும் சொல்ல முடியாது. விலையை மட்டும் போடுவது, வாடகை வீட்டுக்கு முன்பணத்தைச் சொல்லிவிட்டு மாத வாடகையைச் சொல்லாமல் விடுவது போன்றது. மூன்றையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். 100 மில்லியன் என்பது 10 கோடி. 100 கோடி அல்ல. இந்தச் சுழியப் பிழை செய்திகளிலும் வருகிறது, ரசிகர்களின் வாதங்களிலும் வருகிறது. இங்கிலாந்துச் செய்தியில் பவுண்டாக இருந்த எண் இங்கே வரும்போது யூரோவாகிவிடுவதும் உண்டு.

10 கோடி யூரோவுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒரு வீரர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் கிளப் தன் கணக்கில் அந்தத் தொகையை ஒரே ஆண்டில் செலவாக எழுதாது. ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து, ஆண்டுக்கு 2 கோடி என்று எழுதும். ஏஜென்ட்டுக்கு 1 கோடி போனால் அதையும் ஐந்தாகப் பிரித்து 20 லட்சம் சேர்க்கும். சம்பளம்தான் பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தப்புவது. இத்தாலி, ஸ்பெயின் செய்திகளில் வரும் சம்பளம் பொதுவாக வரி போகக் கைக்கு வரும் தொகை. அதுவும் ஆண்டுக் கணக்கு. இங்கிலாந்தில் வாரக் கணக்கு, வரிக்கு முந்தைய தொகை. இந்த இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு, அங்கே போனால் சம்பளம் குறைந்துவிடும் என்று சொல்வது தவறு. கைக்கு 1.5 கோடி யூரோ வேண்டும் என்றால், உயர்ந்த வரி விகிதம் உள்ள நாட்டில் கிளப்புக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 3 கோடி. ஆக இந்த வீரர் ஒருவருக்கு ஆண்டுச் செலவு 2 கோடி, 20 லட்சம், 3 கோடி என மொத்தம் 5.2 கோடி யூரோ. ஐந்தாண்டுக்கு 26 கோடி. தலைப்பில் வந்த 10 கோடி எங்கே, இது எங்கே!

இதில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் விதியும் உண்டு. அணியின் சம்பளம், பிரித்தெழுதிய வாங்கு விலை, ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சேர்ந்து கிளப்பின் வருமானத்திலும் வீரர் விற்பனை லாபத்திலும் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 2023-24இல் 90 சதவீதம், அடுத்த பருவத்தில் 80, 2025-26 முதல் 70. ஏற்கெனவே வரம்பை ஒட்டி நிற்கும் கிளப் மேலே சொன்ன வீரரைச் சேர்க்க வேண்டுமானால், ஒன்று 5.2 கோடி செலவுள்ள பழைய வீரர்களை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டுக்குச் சுமார் 7.4 கோடி புதிய வருமானம் காட்ட வேண்டும். எனவே நட்சத்திர வீரர் வருகிறார் என்ற செய்தியில் நாம் முதலில் தேட வேண்டியது, யார் வெளியேறப் போகிறார்கள் என்பதை. அந்தப் பெயர் இல்லாத வதந்தி பாதி வதந்திதான்.

கணக்கு வழி எல்லோருக்கும் புரிவதற்கு ரொனால்டோ இத்தாலியின் யுவென்டஸ் கிளப்புக்குப் போனதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2018 ஜூலையில் ரியல் மாட்ரிட்டுக்கு 10 கோடி யூரோ, இரண்டு கணக்காண்டுகளில் தருவதாகப் பேச்சு. அதற்கு மேல், சின்ன வயதில் பயிற்சி கொடுத்த கிளப்புகளின் பங்கும் மற்ற செலவுகளுமாக 1.2 கோடி. நான்காண்டு ஒப்பந்தம். அதாவது ஆண்டுக்கு 2.8 கோடி. கைக்கு வரும் சம்பளம் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3 கோடி என்று அப்போது பரவலாகச் செய்தி வந்தது. கிளப்புக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர் 33 வயதில் வந்தார். 2021 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியபோது மூன்றாண்டுச் செலவு எழுதி முடிந்து, ஏட்டு மதிப்பில், அதாவது இன்னும் செலவாக எழுதாத வாங்கு விலையில், ஓராண்டு மிச்சம் இருந்தது. கிடைத்ததோ 1.5 கோடி, போனஸ் வந்தால் மேலும் 80 லட்சம். யுவென்டஸ் தன் அறிக்கையிலேயே 1.4 கோடி நஷ்டம் என்று எழுதியது. 36 வயது வீரருக்கு 1.5 கோடி கிடைத்தது நல்ல விலை என்று அன்று பல ரசிகர்கள் பேசினார்கள். சந்தையில் நல்ல விலைதான். ஏட்டில் நஷ்டம். சந்தை விலைக்கும் ஏட்டு மதிப்புக்கும் இருக்கும் இந்த வித்தியாசம்தான் பல பேச்சுவார்த்தைகள் முறிவதற்கான காரணம். 'இந்த விலைக்குக் கீழே தரமாட்டோம்' என்று விற்கும் கிளப் அடம்பிடித்தால், மிச்சமிருக்கும் ஏட்டு மதிப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல நேரம் அதற்குக் கீழே இறங்க அவர்களுக்கு மனம் வராது.

வாங்கும்போது செலவு பிரிகிறது. விற்கும்போது லாபம் மொத்தமாக அந்த ஆண்டிலேயே விழுகிறது. ஜூன் கடைசி வாரத்தில் வதந்திகள் குவிவது இதனால்தான். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் பலவற்றுக்கு ஜூன் 30இல் கணக்காண்டு முடிகிறது. 2020 ஜூன் 29 அன்று பார்சிலோனாவின் ஆர்தரை 7.2 கோடிக்கு யுவென்டஸ் வாங்கியதும், யுவென்டஸின் பியானிச்சை 6 கோடிக்கு பார்சிலோனா வாங்கியதும் அறிவிக்கப்பட்டன. விலைகளுக்கு நடுவே வித்தியாசம் 1.2 கோடிதான். ஆனால் இரண்டு கிளப்பும் பெரிய லாபத்தை அந்த ஆண்டுக் கணக்கிலேயே எழுதிக்கொண்டன. வாங்கிய செலவோ பின்வரும் ஆண்டுகளுக்குப் போனது. இப்படியொரு கொடுக்கல் வாங்கலை, இந்த வீரர் அந்த அணியின் நடுக்களத்துக்குப் பொருந்துவாரா என்று மட்டும் அலசினால் பாதிக் காரணம் விடுபட்டுவிடும்.

கிளப்பின் சொந்த அகாடமியில் (இளையோர் பயிற்சிப் பள்ளியில்) வளர்ந்த வீரருக்கு வாங்கு விலையே இல்லை. விற்ற தொகை முழுதும் லாபம். 2023இல் இங்கிலாந்தின் செல்சி கிளப், தன் அகாடமியில் வளர்ந்த மேசன் மவுன்ட்டை விற்றபோது ரசிகர்கள் மனம் வெதும்பியதில் நியாயம் இருக்கிறது. ஏட்டில் பார்த்தால் அதுதான் மிகப் பெரிய லாபம் தரும் விற்பனை. சொந்தப் பிள்ளைகளை விற்கத் தூண்டும் விதி இது. எங்கள் கருத்தில் இந்த விதி முறையின் பெரிய ஊனம் இதுவே.

தேதி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கிளப் சான்று. அங்கே முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் விதிப்படி, 2022-23இல் முடிந்த மூன்றாண்டுக் கணக்கில் அந்த கிளப்புக்கு அனுமதிக்கப்பட்ட நஷ்டம் 6.1 கோடி பவுண்டு. மூன்றில் இரண்டு ஆண்டுகள் இரண்டாம் நிலை லீக்கில் இருந்ததால், மற்றவர்களுக்கு இருந்த 10.5 கோடி வரம்பு அவர்களுக்கு இல்லை. கையில் அகாடமி வீரர் பிரென்னன் ஜான்சன் இருந்தார். ஜூன் 30க்குள் விற்றிருந்தால் முழுத் தொகையும் அந்தக் கணக்கில் விழுந்திருக்கும். நல்ல விலைக்குக் காத்திருந்து, செப்டம்பர் 1 அன்று 4.75 கோடிக்கு டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள். பணம் கிடைத்தது, தேதி போய்விட்டது. வரம்பை 3.45 கோடி தாண்டியதற்காக 2024 மார்ச்சில் நான்கு புள்ளிகள் பறிபோயின. அதே பருவத்தில் இதே விதியை மீறியதற்காக எவர்ட்டன் கிளப்புக்கு முதலில் 10 புள்ளிகள் குறைத்து, மேல்முறையீட்டில் அதை 6 ஆக்கி, பிறகு வேறொரு காலத்துக்காக மேலும் 2 குறைத்தார்கள். ஓர் அணி தரம் இறங்குவதும் தப்புவதும் இந்தப் புள்ளிகளில் இருக்கிறது.

ஒப்பந்த ஆண்டுகள் ஏன் முக்கியம் என்பதற்கு என்சோ பெர்னாண்டஸ் என்ற வீரரின் கதை போதும். 2023 ஜனவரியில் செல்சி அவரை வாங்கக் கொடுத்தது 10.68 கோடி பவுண்டு, எட்டரை ஆண்டு ஒப்பந்தம். ஆண்டுக்குச் சுமார் 1.26 கோடிதான் செலவு. ஐந்தாண்டு என்றால் 2.14 கோடி ஆகியிருக்கும். இந்த வழியை யூஃபா 2023 கோடையில் அடைத்தது. பிரீமியர் லீக் கிளப்புகள் அதே டிசம்பரில் வாக்களித்து அடைத்தன. இப்போது எத்தனை ஆண்டு ஒப்பந்தம் போட்டாலும் விலையை ஐந்தாண்டுக்கு மேல் பிரிக்க முடியாது. ஆகவே 'செல்சி மாதிரி நீட்டி எழுதிவிடலாம்' என்று இன்னமும் வாதாடும் நண்பர்கள் அந்த வாதத்தை விட்டுவிடலாம். நீண்ட ஒப்பந்தத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வீரர் சரியாக ஆடாவிட்டால், அந்தச் சம்பளத்தை வேறு யாரும் தரமாட்டார்கள், அவரும் கிளம்பமாட்டார்.

வீரரை முதலில் கடனாக (தற்காலிகமாக) பெற்று அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்வது மற்றொரு வழி. 2017இல் நெய்மாரை வாங்க 22.2 கோடி யூரோ கொடுத்த பாரிஸ் நகர கிளப் பிஎஸ்ஜி, அதே கோடையில் எம்பாப்பேயை மொனாக்கோவிடமிருந்து கடனாகத்தான் எடுத்தது. 18 கோடி வரை ஆகக்கூடிய விலை அடுத்த கணக்காண்டுக்குப் போனது. அதே எம்பாப்பே 2024இல் ஒப்பந்தம் முடிந்து ரியல் மாட்ரிட் போனபோது 'இலவசமாக' என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. பழைய கிளப்புக்குத் தரும் விலை இல்லை என்பது உண்மை. ஆனால் அப்படி வரும் வீரர்கள் பொதுவாகக் கையெழுத்துத் தொகையும் உயர்ந்த சம்பளமும் கேட்டு வாங்குவார்கள். அதுவும் அணிச் செலவுக் கணக்கில்தான் சேரும். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வீரர் வேறு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்திடலாம் என்பதால், ஓராண்டு மட்டும் மிச்சமுள்ள வீரரைப் பற்றிய வதந்தியில் பெரிய விலை இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சட்டை விற்பனை வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். சட்டை தயாரிக்கும் நிறுவனம் கிளப்புக்கு ஆண்டுதோறும் ஒரு நிலையான தொகை தருகிறது. விற்கும் சட்டைக்கு மேல் கிளப்புக்கு வருவது ஒரு சிறு பங்கு. அந்தப் பங்கு சட்டைக்கு 10 யூரோ என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும், 10 கோடி யூரோவை எடுக்க ஒரு கோடி சட்டை விற்க வேண்டும். அதுவும் அந்த வீரர் வராவிட்டால் விற்றிருக்காத சட்டைகள் மட்டும். அவருடைய எண்ணுக்குப் பதில் வேறு எண் போட்டு எப்படியும் வாங்கியிருப்பவரை இதில் சேர்க்க முடியாது.

பணம் சரியானாலும் பதிவு செய்ய முடியாமல் போவதுண்டு. ஸ்பெயினில் லீக்கே ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பள வரம்பு வைக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று மெஸ்ஸி தொடரமாட்டார் என்று பார்சிலோனா அறிவித்ததற்குக் காரணம் இதுதான்; ஒப்பந்தத்துக்கு இரு தரப்பும் சம்மதித்தும் பதிவுக்கு இடமில்லை. டானி ஓல்மோ என்ற வீரரை 2024இல் வாங்கிவிட்டு, 2025 ஜனவரியில் அவரை மறுபடி பதிவு செய்வதற்குள் பார்சிலோனா பட்ட பாட்டையும் பார்த்தோம். நேரம் தவறுவதும் நடக்கும். 2017இல் ஏட்ரியன் சில்வாவின் ஆவணங்கள் 14 விநாடி தாமதமாகப் போனதால் இங்கிலாந்தின் லெஸ்டர் கிளப்புக்காக அவர் ஆடுவதற்கு ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. மருத்துவப் பரிசோதனையில் முறிவதும் உண்டு. வான் நிஸ்டல்ரூய் என்ற வீரர் 2000இல் முழங்கால் பிரச்சினையால் தடைபட்டு, ஓராண்டு கழித்துத்தான் மான்செஸ்டர் யுனைடெட் வந்தார். 'தனிப்பட்ட நிபந்தனைகள் ஒப்புக்கொள்ளப்பட்டன' என்ற செய்தி வந்தால், கிளப்புகள் இன்னும் விலையே பேசாமல் இருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வீரரின் சம்மதம் பெரும்பாலும் முதலில் வந்துவிடுகிறது. கடினமான பகுதி அதன் பிறகுதான்.

செய்திகளில் இடமே கிடைக்காத ஒன்று இருக்கிறது. வீரர் ஒரு நாட்டு கிளப்பிலிருந்து வேறு நாட்டு கிளப்புக்கு மாறும்போது விலையில் 5 சதவீதம், வீரருக்கு 12 வயது முதல் 23 வயது வரை பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 0.25 சதவீதம், அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு 0.5 சதவீதம். 10 கோடி மாற்றத்தில் 14 வயதில் ஓராண்டு மட்டும் வளர்த்த சின்ன கிளப்புக்கும் 2.5 லட்சம் யூரோ வரும். அந்த கிளப்புக்கு அது பல ஆண்டு வரவு. நட்சத்திர வீரர் சின்ன வயதில் எங்கே ஆடினார், இப்போது அந்த கிளப்புக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு வரி எழுதினால், வாசிப்பவர்களுக்கு அந்த விலையின் மறுபக்கமும் தெரியும்.

ஒவ்வொரு வதந்திச் செய்திக்கும் கீழே ஆறு விவரங்களுக்கு இடம் ஒதுக்குங்கள்: விலையும் நாணயமும், தவணை, ஒப்பந்த ஆண்டுகள், வரிக்கு முந்தைய ஆண்டுச் சம்பளம், விற்கும் கிளப்பில் மிச்சமிருக்கும் ஒப்பந்தக் காலம், இரு கிளப்பின் கணக்காண்டு முடியும் தேதி. தெரியாத விவரத்துக்கு 'தெரியவில்லை' என்றே அச்சிடுங்கள். ஆறில் நான்கு தெரியவில்லை என்றால் அந்தச் செய்தியை எவ்வளவு நம்புவது என்று வாசகர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர்கள் சிலர்